பின்னால் ஓடிக்கொண்டிருந்தவை

அப்படியே விடுங்க தம்பி. திரும்பத் திரும்பத் தட்டினா இன்னும் மெதுவாத்தான் ஆகும். நானும் திருமயம் தாண்டினதுல இருந்து பாக்குறேன், உங்க லேப்டாப்புல அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. பஸ் குலுங்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. உள்ள தேவையில்லாதது நிறைய ஓடுது, அதான்.

இல்ல இல்ல, நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். பாலகுருசாமின்னு பேரு, புதுக்கோட்டை. ஆனா இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியும். இப்பக்கூட அதுக்குத்தான் திருப்பத்தூர் போறேன். கூட வேலை பாத்தவர் ஒருத்தர் வீட்டுல கம்ப்யூட்டர் அசைய மாட்டேங்குதாம், வந்து பாருங்கன்னார். வீட்டுல எனக்கும் ஒண்ணும் வேலை இல்ல. சரி, வரேன்னுட்டேன்.

எங்க வீட்டுக் கம்ப்யூட்டரை நீங்க பாக்கணும். பொத்தானை அமுக்கிட்டு நாற்காலியை இழுத்துப் போடுறதுக்குள்ள தயாரா நிக்கும். முன்ன அப்படி இல்ல. முன்ன உங்களோடதைவிட மோசம். நான்தான் சரி பண்ணேன்.

அது என் வீட்டம்மாவோட கம்ப்யூட்டர். மரகதவல்லி. அவ மெய்ப்பு பாக்குறவ. அதாவது, புத்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எழுத்துப் பிழை எல்லாம் பாத்துத் திருத்துறது. மதுரையில ஒரு பதிப்பகம், அங்க இருந்து மெயில்ல அனுப்புவாங்க, இவ திருத்தித் திருப்பி அனுப்புவா. கல்யாணத்துக்கு முன்னாடியே செஞ்சுக்கிட்டு இருந்த வேலை. அப்ப தாள்ல, சிவப்புப் பேனாவுல. அப்புறம் இதுல. வீட்டுக்குள்ள உக்காந்தே செய்யுற வேலைதானேன்னு நானும் ஒண்ணும் சொல்லல.

எங்க டிபார்ட்மென்ட்ல, ஒரு டிரான்ஸ்பார்மர்ல லோடு ஏறிப்போச்சுன்னு வைங்க. என்ன செய்வோம்? எது அவசியம், எது அவசியம் இல்லன்னு பாப்போம். அவசியம் இல்லாததைக் கழட்டி விடுவோம். மீதி நிம்மதியா ஓடும். அவ்வளவுதான் விஷயம். மனுஷன், மெஷின், வீடு எல்லாத்துக்கும் அதேதான்.

ரிட்டயர் ஆனதும் வீட்டைத்தான் முதல்ல ஒழுங்கு பண்ணேன். சமையல்கட்டுல ரெண்டு டியூப்லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவு சின்ன இடத்துக்கு ரெண்டு எதுக்கு? ஒண்ணைக் கழட்டிட்டேன். "ஏங்க, அது இருக்கட்டுமே"ன்னா. "சமைக்கிறதுக்கு ஒண்ணு போதாதா"ன்னேன். சரின்னுட்டா. அப்புறம் பேப்பர். காலையில வந்து விழும், அவ பிரிக்கிறதே இல்ல. முன்ன ஒரு வரி விடாம படிக்கிறவ. நான் டிவியில பாத்துக்கிறேன். யாரும் படிக்காத பேப்பர் எதுக்கு, நிறுத்திட்டேன். அதுக்கு அவ ஒண்ணும் கேக்கல.

அந்தச் சமயத்துல அவளுக்குக் கொஞ்சம் கவனம் குறைஞ்சுதான் இருந்துச்சு. குழம்புல ரெண்டு தடவை உப்பு விழும். தம்ளர்ல தண்ணி ஊத்தினா விளிம்பு தாண்டி வழியும். தெருவுல எதிர்வீட்டம்மா சிரிச்சாக்கூட இவ பாட்டுக்கு வருவா, அந்தம்மா பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் திரும்புவா. வீட்டுக்குள்ளேயே சுவத்தைத் தொட்டுக்கிட்டே நடக்கிற பழக்கம் ஒண்ணு வந்துச்சு. கையழுக்கு சுவத்துல படுதுன்னு சொன்னேன். நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தா கவனம் எங்க இருக்கும், நீங்களே சொல்லுங்க.

அந்தக் கம்ப்யூட்டரையும் அவ ஒரு மாதிரி வச்சிருந்தா. காதுல ஹெட்போன் மாட்டியிருப்பா. பாட்டுக் கேக்குறான்னு நினைச்சேன். திரையில எழுத்தெல்லாம் கல்யாண பேனர் மாதிரி பெருசு பெருசா நிக்கும். ஒரு நேரத்துக்கு நாலு வார்த்தைதான் தெரியும், அது அப்படியே நகர்ந்துக்கிட்டே போகும். கறுப்பு மேல மஞ்சள் எழுத்து. "என்ன இது, பாலர் வகுப்பு புத்தகம் மாதிரி"ன்னேன். "இப்படி இருந்தா வசதியா இருக்கு"ன்னா. அந்த அம்புக்குறி இருக்கே, அது கட்டைவிரல் அளவு. அவ மவுசை விட்டுக் கையை எடுத்த பிறகும் அம்பு தானா நகரும். நான் சோபாவுல உக்காந்து நியூஸ் பாத்துக்கிட்டு இருக்கும்போதே கண்ணால பாத்திருக்கேன். "என்ன அது தானா ஓடுது?"ன்னு கேட்டேன். "மெஷின் பழசாயிருச்சு, அப்படித்தான்"னா.

பழசாயிட்டா சரி பண்ணணுமில்ல. அதான் கத்துக்கிட்டேன். யூடியூப்ல ஒருத்தர் தமிழ்ல பொறுமையா சொல்லித்தராரு. எது எங்க இருக்கு, எந்த டிக்கை எடுக்கணும், எடுத்தா என்ன ஆகும். நான் முதல்ல எங்க தெருவுல ரெண்டு வீட்டுல பண்ணிக்கொடுத்தேன். அந்த வீட்டுக்காரங்க கும்பிடாத குறை.

நம்ம வீட்டுதை ஐப்பசி மழையில பண்ணேன். மரகதம் அவ சித்தி வீட்டுப் புதுமனை விழாவுக்குக் கீரனூர் போயிருந்தா. நல்ல மழை, வெளியில போக முடியல. உக்காந்து ஒண்ணொண்ணா பாத்தேன்.

தம்பி, ஒரு கம்ப்யூட்டருக்குள்ள என்னென்ன ஓடுதுன்னு பாத்தீங்கன்னா உங்களுக்கு வியப்பா இருக்கும். நாம ஒரு வேலை செய்ய உக்காந்திருப்போம், பின்னாடி நமக்குத் தெரியாம அத்தனை ஓடிக்கிட்டு இருக்கும். திரையில ஜன்னல் திறக்கிறப்ப ஒரு ஆட்டம், மூடுறப்ப ஒரு ஆட்டம். வானிலை சொல்றதுக்கு ஒண்ணு. கேம் விளையாடுறவனுக்கு ஒண்ணு. பிரிண்டரே இல்லாத வீட்டுல பிரிண்டருக்கு ஒண்ணு. ஃபேக்ஸுக்குக்கூட ஒண்ணு இருந்துச்சு. எல்லாத்தையும் நிறுத்தினேன்.

அப்புறம் கண் தெரியாதவங்களுக்கு, காது கேக்காதவங்களுக்கு, கை வராதவங்களுக்குன்னு ஒரு பக்கம் முழுக்க வச்சிருக்கான். நல்ல விஷயம்தான், இல்லங்கல. ஆனா நம்ம வீட்டுல யாரு அப்படி இருக்கா? பாத்தா எல்லாம் ஆன்ல கிடக்கு. எழுத்தைப் பெருசாக்குறது ஆன். நிறத்தை மாத்துறது ஆன். திரையில இருக்கிறதைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டுற ஒரு குரல் இருக்கு, அதுவும் ஆன். கம்பெனியிலயே அப்படிப் போட்டு அனுப்பிட்டான்போலன்னு நினைச்சேன். எல்லாத்தையும் எடுத்தேன். அந்தக் குரலை நிறுத்தினா மட்டும் போதாது, இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும்னு அதையே அழிச்சேன். கைதவறி ஏதாவது பொத்தானை அமுக்கினா திரும்ப வந்து நிக்கக் கூடாதுன்னு அந்தக் குறுக்கு வழியையும் அடைச்சேன். வேலைன்னு செஞ்சா முழுசா செய்யணும்.

கடைசியா ஒண்ணு இருந்துச்சு. வெளியூர்ல இருந்து ஒருத்தர் நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வந்து, நம்ம திரையைப் பாத்து, நம்ம அம்பை நகர்த்துறதுக்கு ஒரு வழி. அதுவும் திறந்து கிடக்கு. அனுமதி கொடுத்த பேருன்னு ஜே.பி.ன்னு போட்டிருக்கு. யாரோ கம்பெனிக்காரன், இல்ல திருடன். அம்பு தானா நகர்ந்ததுக்குக் காரணம் இதுதான்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு. அந்தப் பேரை எடுத்துட்டு வழியை மூடினேன். மனசுக்கு ஒரு திருப்தியா இருந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். ஏதாவது தப்பாயிட்டா பழைய நிலைக்கே திரும்பிப் போறதுக்குன்னு ஒரு வசதி இருக்கு. அது ரொம்ப இடம் பிடிக்கும். அதையும் நிறுத்திட்டேன். சரியா செஞ்சா எதுக்குத் திரும்பிப் போகணும்?

மறுநாள் மரகதம் வந்தா. குளிச்சுட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா. நான் பின்னாடிதான் நின்னேன், அவ முகத்தைப் பாக்கணும்னு. பொத்தானை அமுக்கினா, சட்டுன்னு வந்து நின்னுச்சு. அவ ஹெட்போனை மாட்டிக்கிட்டு அப்படியே இருந்தா. கொஞ்ச நேரம் கழிச்சு அதைக் கழட்டி, வயர் சரியா சொருகியிருக்கான்னு தடவிப் பாத்தா. திரும்ப மாட்டினா. முகத்தைத் திரைகிட்டக் கொண்டுபோனா, மூக்கு இடிக்கிற அளவுக்கு.

"ஏங்க, இதுல என்ன செஞ்சீங்க?"

"வேகமாக்கியிருக்கேன். தேவையில்லாததை எல்லாம் நிறுத்தினேன்."

அவ ஏதோ ரெண்டு மூணு பொத்தானைச் சேர்த்துச் சேர்த்து அமுக்கிப் பாத்தா. ஒண்ணும் வரல. அதான் அடைச்சுட்டேனே.

"எப்படி இருக்கு? வேகமா இருக்கா இல்லையா?"ன்னு கேட்டேன்.

"ம். வேகமா இருக்கு"ன்னா.

நான் குளிக்கப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் தினமும் உக்காருவா. கையை மவுஸ் மேல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. திரையில பக்கம் நகராது. மழையும் விடல. நான் பாட்டுக்கு டிவி பாத்துக்கிட்டு இருப்பேன், அவ பாட்டுக்கு உக்காந்திருப்பா. ஒரு நாள் மதுரைப் பதிப்பகத்துல இருந்து போன் வந்துச்சு, நான்தான் எடுத்தேன். "அம்மாகிட்ட இருந்து பதிலே இல்ல சார். பெரிய நாவல், பாதியில நிக்குது. அவங்களால முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆளைப் பாக்குறோம்"னாரு. மரியாதையாத்தான் பேசினாரு. நான் போனைக் கையில பொத்திக்கிட்டு இவகிட்ட கேட்டேன். "வேற ஆள்கிட்டக் கொடுக்கவான்னு கேக்குறாங்க."

"கொடுக்கச் சொல்லுங்க"ன்னா.

"கொடுத்துருங்க சார்"னு சொல்லிட்டு வச்சுட்டேன். அவளுக்கும் ஓய்வு வேணுமில்ல. எத்தனை வருஷமா அடுத்தவன் எழுதினதைத் திருத்திக்கிட்டே இருப்பா.

அன்னைக்குச் சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போயிட்டு வந்தா. அங்க போய் போன் பேசியிருக்கா. அது எனக்கு அப்பத் தெரியாது.

இங்க நான் என் பொண்ணைப் பத்திச் சொல்லணும். ஜெயப்பிரியா. ஒரே பொண்ணு. ஓசூர்ல வேலைக்குப் போனா, அங்கேயே கூட வேலை பாத்த லூர்துன்னு ஒரு பையனைக் கட்டிக்கிட்டா. நான் சண்டை போடல. கையை ஓங்கல. சில அப்பன்மாரு என்னென்னமோ செய்யுறாங்க, நான் அப்படி ஆள் இல்ல. அவ நம்பரை என் போன்ல இருந்து எடுத்தேன், மரகதம் போன்ல இருந்தும் எடுத்தேன். "இந்த வீட்டுல அந்தப் பேச்சு வேணாம்"னு ஒரு தடவைதான் சொன்னேன். மரகதம் சரின்னா. அதுக்குப் பிறகு அவ அந்தப் பேரைச் சொன்னதே இல்ல. எனக்கும் சங்கடம் இல்லாம போச்சு. வருஷம் ஓடிப்போச்சு.

அந்தப் பொண்ணு ஒரு நாள் காலையில வந்து வாசல்ல நிக்குது. கார் தெருமுனையில நின்னுச்சு, அந்தப் பையன் உள்ளேயே இருந்தான், இறங்கல. இவ செருப்பைக் கழட்டிட்டு நேரா உள்ள வந்தா. ஆள் கொஞ்சம் பருத்திருந்தா. முன்நெத்தியில நரை. "வாம்மா"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சொன்னேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல.

அம்மா தோளைப் பிடிச்சு நாற்காலியில உக்கார வச்சா. கம்ப்யூட்டரைப் போட்டா. அது வந்து நின்னுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியாம, "இப்ப நல்ல வேகமா இருக்கு, பாரு"ன்னேன்.

"பாத்தேன்"னா.

உள்ள போய் ஒவ்வொரு பக்கமா திறந்து பாத்தா. நான் எதெல்லாம் எடுத்தேனோ அங்கெல்லாம் போனா. கடைசியில கையை மடியில வச்சுக்கிட்டு என் பக்கம் திரும்பினா.

"அப்பா, அம்மாவுக்குக் கண்ணு தெரியாது."

"என்ன சொல்ற?"

"சர்க்கரையால விழித்திரை கெட்டுப்போச்சு. நேரா பாத்தா நடுவுல இருட்டு, ஓரத்துல கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

மரகதம் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தா. ஏதோ தப்பு பண்ணி மாட்டிக்கிட்ட மாதிரி.

பொண்ணு எல்லாத்தையும் சொன்னா. சத்தம் போடாமத்தான் சொன்னா. அந்தப் பெரிய எழுத்து, அந்தக் குரல், எல்லாம் அவதான் ஓசூர்ல இருந்தபடியே போட்டுக் கொடுத்தாளாம். ஹெட்போன்ல மரகதம் கேட்டது பாட்டு இல்லையாம். அந்தக் குரல் புத்தகத்தை வாசிக்குமாம், இவ காதால கேட்டே பிழையைப் பிடிப்பாளாம். ஆனா அந்தக் குரலுக்கு ன, ண வித்தியாசம் தெரியாது, ர, ற வித்தியாசம் தெரியாது, எல்லாத்தையும் ஒரே மாதிரி வாசிக்கும். அதனால சாயங்காலம் பொண்ணு ஆபீஸ் வேலை முடிஞ்சதும் ஓசூர்ல இருந்து கம்ப்யூட்டருக்குள்ள வந்து, அந்த எழுத்துகளை மட்டும் கண்ணால பாத்துக் கொடுப்பாளாம். ஜே.பி.ங்கிறது ஜெயப்பிரியா. எனக்கு அதுவரைக்கும் தோணவே இல்ல பாருங்க. என் பொண்ணு பேரு.

வேலை முடிஞ்சதும் ஒரு வெத்துப் பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டு, அதுல இவ டைப் அடிப்பாளாம், குரல் அதை அம்மா காதுல வாசிக்குமாம். அம்மா பதிலுக்கு அடிப்பாளாம். அப்படித்தான் பேசிக்கிட்டாங்க. இவளுக்கு ஒரு குழந்தை பிறந்து தங்காம போயிருக்கு. அதைக்கூட அதுலதான் சொல்லியிருக்கா. நான் அப்ப பின்னாடி சோபாவுல நியூஸ் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். மரகதம் அன்னைக்கு ஏதாவது மாதிரியா இருந்தாளான்னு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஞாபகம் வரல. எனக்குச் சாப்பாடு போட்டிருப்பா. போடாம இருந்தா ஞாபகம் இருந்திருக்கும்.

நான் கேட்டேன், "இதை எல்லாம் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தா அதுல கை வச்சிருப்பேனா?"

"சொன்னா வேலையையும் நிறுத்தியிருப்பீங்கப்பா"ன்னா.

அது நியாயம்தான். நிறுத்தியிருப்பேன். கண்ணு சரியில்லாதவளுக்கு எதுக்கு வேலை? ஓய்வா உக்காரட்டும்னுதான் யாருமே நினைப்பாங்க. நீங்களும் அப்படித்தான் நினைப்பீங்க. இல்லையா? சரி விடுங்க.

மரகதத்தைப் பாத்து, "நீயாவது சொல்லியிருக்கலாம்"னேன். அவ தலையைத் தூக்கினா. என்னைப் பாக்குறான்னு நினைச்சேன், ஆனா அவ கண்ணு என் காதுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்துச்சு. அப்படி ஓரமாப் பாத்தாத்தான் அவளுக்கு ஆள் தெரியுமாம். அதையும் பொண்ணு பிறகுதான் சொன்னா.

"டியூப்லைட்டைக் கழட்டுனப்ப சொல்லலாம்னு நினைச்சேங்க"ன்னா மரகதம். "அப்புறம் பழகிருச்சு."

அவ்வளவுதான் சொன்னா.

அன்னைக்கே கிளம்பிட்டாங்க. ஓசூர்ல நல்ல டாக்டர் இருக்காராம், ஊசி போட்டா இருக்கிற பார்வையாவது நிக்குமாம். எத்தனை நாள்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல. மரகதம் புடவை எடுத்து வச்சா. தடவித் தடவிப் பருத்தி எது, பட்டு எதுன்னு பிரிச்சு வச்சா. நான் நிலைப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். போறப்ப, "தோசை மாவு ஃபிரிட்ஜ்ல கீழ்த்தட்டுல இருக்கு, ரெண்டு நாளைக்கு வரும்"னா. பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு வாசப்படி இறங்கினா. அந்தப் பையன் கார்ல இருந்து இறங்கிவந்து பையை வாங்கிக்கிட்டான். என்னைப் பாத்துத் தலையசைச்சான். நானும் அசைச்சேன்னு நினைக்கிறேன்.

கார் போனதும் உள்ள வந்து உக்காந்தேன். அழுகை வரும்னு பாத்தேன். வரல. கோபமும் வரல. கரண்ட் இல்லாத லைனைத் தொட்டா எப்படி இருக்கும்? அது வெறும் கம்பி, அவ்வளவுதான். அந்த மாதிரிதான் இருந்துச்சு. தோசை ஊத்திச் சாப்பிட்டேன். ருசி இருந்துச்சா இல்லையான்னு தெரியல, சாப்பிட்டேன். படுத்தேன், தூக்கம் வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். பசிக்குது, சாப்பிடுறேன். எதிர்வீட்டம்மா, "தனியா கஷ்டமா இல்லையாண்ணே"ன்னு கேட்டாங்க. யோசிச்சுப் பாத்தேன். கஷ்டம்னு குறிப்பா ஒண்ணும் சொல்லத் தோணல. ஒண்ணும் இல்லம்மான்னேன்.

டியூப்லைட்டைத் திரும்ப மாட்டிட்டேன். எதுக்குன்னு கேக்காதீங்க. சும்மா இருந்தேன், மாட்டினேன்.

தை பிறந்ததுக்கு அப்புறம் மரகதம் போன் பண்ணா. அதுக்கு முன்னாடியும் ஒண்ணு ரெண்டு தடவை பேசினா, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு. இந்தத் தடவை வேலை விஷயமா பண்ணா. அந்த நாவலை அவங்க வேற யாருக்கும் கொடுக்கலையாம். பொண்ணு பதிப்பகத்துக்காரர்கிட்டப் பேசியிருக்கா, அவரு, அம்மாவே முடிக்கட்டும், காத்திருக்கோம்னுட்டாராம். ஓசூர்ல அந்த லூர்து புது கம்ப்யூட்டர் வாங்கி எல்லாம் போட்டுக் கொடுத்துட்டானாம். ஆனா முன்னாடி திருத்தின அத்தியாயம் எல்லாம் நம்ம வீட்டுதுலதான் கிடக்கு.

"நாளைக்குக் காலையில ஜெயா உள்ள வந்து எடுத்துக்குவா. அந்த வழியை மட்டும் திறந்து வைங்க"ன்னா.

"மத்ததை எல்லாம் திரும்பப் போட்டு வைக்கட்டுமா? அந்தக் குரல், பெரிய எழுத்து எல்லாம். எனக்குத் தெரியும், போட்டுருவேன்"னேன்.

"வேணாங்க, அங்க யாரு உக்காரப் போறா"ன்னா. வேற யார் குரலோ மாதிரி இருந்துச்சு, ஆனா மரகதம்தான்.

மறுநாள் காலையில குளிச்சு, வேட்டி மாத்திக்கிட்டு, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தேன். கம்ப்யூட்டருக்குள்ள வர்றவளுக்கு நான் என்ன வேட்டி கட்டியிருக்கேன்னு தெரியவா போகுது? ஆனாலும் மாத்தினேன். வழியைத் திறந்தேன். அனுமதி கொடுக்கிற பேருன்னு கேட்ட இடத்துல ஜே.பி.ன்னு அடிச்சேன். மவுஸ்ல இருந்து கையை எடுத்துட்டேன்.

அம்பு நகர்ந்துச்சு தம்பி. முதல்ல லேசா ஒரு ஆட்டம், அப்புறம் நேரா மேல போச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு இடத்துல தயங்கி நிக்கும், அப்புறம் போகும். சின்னப் பிள்ளையில வீட்டுப்பாடம் எழுதுறப்ப அவ இப்படித்தான், பென்சிலை ஒரு இடத்துல நிறுத்தி யோசிச்சுட்டு எழுதுவா. மரகதம் வச்சிருந்த இடத்துக்குப் போய், அத்தியாயம் எல்லாத்தையும் சேர்த்துப் பிடிச்சா. எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சா. ஒரு பச்சைக் கோடு வந்து ஓட ஆரம்பிச்சுச்சு.

அப்பத்தான் அந்த வெத்துப் பக்கம் ஞாபகம் வந்துச்சு. ஒண்ணைத் திறந்து வச்சு ஏதாவது அடிச்சா அவளுக்குத் தெரியுமே. பொத்தான்லேயே திறந்தேன், மவுசைத் தொடல. அம்பு அப்படியே நின்னுச்சு. பாத்துட்டாபோல. என்ன அடிக்கிறது? எப்படி இருக்கேன்னா? அந்தக் குழந்தையைப் பத்தியா? அதை நான் எப்படி ஆரம்பிக்கிறது, அன்னைக்கு அவ சொன்னப்பக்கூட அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. மரகதத்தோட பழக்கத்துல அந்த விசைப்பலகையில தமிழ் எழுத்து எங்க எங்கேயோ இருக்கு. ஜெயான்னு அடிக்கப் பாத்தேன். ஜ எங்கன்னு தெரியல.

சரி, அவசரம் இல்லன்னு நினைச்சேன். பெரிய நாவல். முன்னெல்லாம் மரகதம் இந்த மாதிரி அனுப்பப் போட்டுட்டு, சமையல்கட்டுக்குப் போய் காபி போட்டு, எனக்குக் கொடுத்து, அவளும் குடிச்சு, தம்ளரைக் கழுவி வச்சுட்டு வந்து பாத்தாலும் பாதிதான் போயிருக்கும். அந்த நேரத்துல யோசிச்சுக்கலாம்னு எழுந்தேன். பாலைச் சுட வச்சேன். டிகாக்ஷன் இருந்துச்சு. கலந்தேன். அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே, "சாப்பிட்டியா"ன்னு அடிக்கலாம்னு ஒரு முடிவுக்கு வந்தேன். அது ஒண்ணுதான் சரியா பட்டுச்சு.

தம்ளரோட வந்து பாத்தா, பச்சைக் கோடு இல்ல. எடுத்தாச்சு. எல்லாம் போயிருச்சு. இணைப்பு முடிந்ததுன்னு ஒரு வரி இருந்துச்சு. வெத்துப் பக்கம் திறந்தபடியே இருந்துச்சு, அதுல ஒண்ணும் இல்ல. அவ காத்திருந்தாளா, காத்திருந்து போனாளா, எனக்குத் தெரியாது. அம்பு அவ விட்ட இடத்துல நின்னுச்சு.

அவ்வளவு வேகம் தம்பி. அந்த வேகம் நான் கொண்டுவந்தது, அதுல சந்தேகம் இல்ல. அங்கேயே கொஞ்ச நேரம் நின்னேன். காபி ஆறவே இல்ல, கையில சூடு தாங்கல.